துப்புத் துலக்கும் மின்சாரம்

வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாள்களில் ஊரப்பாக்கத்து மருத்துவர்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில், தாம்பரம் – செங்கல்பட்டு இருப்புப்பாதையை ஒட்டி நாளுக்கு நாள் விரிந்துவரும் ஊர் இது. காலி மனைகளிலும், கட்டி முடியாத வீடுகளின் தொட்டிகளிலும், மொட்டைமாடியில் கவிழ்த்து வைக்க மறந்த வாளிகளிலும் மழைநீர் தேங்குகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இவ்வாறு தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும்.

காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்பதாகும். இது வெறும் நலம் விசாரிப்பு அன்று. காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாள்கள்வரை, டெங்கு வைரஸ் வெளியிடும் ஒரு புரதத்தை இரத்தத்தில் தேடலாம். அதன் பிறகு அது குறைந்து மறையத் தொடங்கும். அப்போது தேட வேண்டியது வைரஸை அன்று. வைரஸை எதிர்க்க நம் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். திருடன் ஓடிவிட்டான்; ஆனால் அவனைத் துரத்திய நாய்கள் இன்னும் தெருவில் நிற்கின்றன. அந்த நாய்களைப் பார்த்து, வந்தவன் யார் என்று துப்புத் துலக்குவதுதான் எதிர்ப்பொருள் சோதனை.

கையில் குத்தி எடுத்த இரத்தம் அங்கேயே சோதிக்கப்படுவதில்லை. அன்று சேர்ந்த குழாய்களெல்லாம் பனிப்பெட்டியில் அடுக்கப்பட்டுப் பெரிய சோதனைச்சாலைக்குப் பயணமாகின்றன. அங்கேயும் உடனே சோதிப்பதில்லை. எதிர்ப்பொருளைச் சோதிக்கும் தட்டில் 96 குழிகள் உள்ளன. ஓரிருவருடைய இரத்தத்துக்காக அத்தட்டைப் பிரிப்பது கட்டுப்படியாகாது. ஆகவே தட்டு நிரம்பும்வரை காத்திருப்பார்கள். முடிவு வர ஒருநாள் ஆகும். சில சமயம் இரண்டு நாளும் ஆகும். டெங்குவில் இரண்டு நாள் என்பது சிறிய இடைவெளி அன்று. காய்ச்சல் தணியும் வேளையில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகிறது.

இந்தப் பயணத்தையும் காத்திருப்பையும் நீக்க முடியுமா? வீட்டில் தாத்தாவின் சர்க்கரையை ஒரு துளி இரத்தத்தில் ஐந்தே விநாடியில் சொல்லிவிடும் அந்தச் சிறு கருவியைப் போல, எதிர்ப்பொருளையும் சொல்ல ஒரு கருவி செய்ய முடியுமா? முடியும் என்கிறது மின்வேதியியல். எப்படி என்று பார்ப்போம்.

உண்டிவில்லும் பூட்டும்

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். உண்டிவில்லின் கவட்டையை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி, இரண்டு கிளைகள். அக்கிளைகளின் நுனிதான் முக்கியம். ஒவ்வொரு வகை எதிர்ப்பொருளின் நுனியும் ஒரு குறிப்பிட்ட அமைப்பை மட்டுமே பற்றிக்கொள்ளும். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல. பற்றப்படும் அந்த அயற்பொருளை ஆன்டிஜன் என்கிறோம். வைரஸின் மேலுறையிலுள்ள புரதம் அத்தகைய ஓர் ஆன்டிஜன்.

நோய் தொற்றியதும் உடல் முதலில் அவசரமாகச் செய்து அனுப்புவது ஐஜிஎம் என்ற வகை. இதில் ஐந்து கவட்டைகள் வட்டமாகச் சேர்ந்து, மொத்தம் பத்து நுனிகள் உள்ளன. பின்னர் வருவது ஐஜிஜி. இது ஒற்றைக் கவட்டை; ஆனால் நீண்டகாலம் இரத்தத்தில் தங்கும். ஆகவே ஐஜிஎம் மிகுந்திருந்தால் தொற்று அண்மையில் நேர்ந்தது என்றும், ஐஜிஜி மட்டும் இருந்தால் முன்னெப்போதோ வந்துபோனது என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். டெங்குவில் இன்னொரு செய்தியும் இதிலிருந்து கிடைக்கும். தொடக்கத்திலேயே ஐஜிஜி ஓங்கியிருந்தால் இது அவருக்கு இரண்டாம் முறை வந்த டெங்கு என்று மருத்துவர் ஐயுறுவார். இரண்டாம் முறை வருவது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே "உண்டு", "இல்லை" என்ற விடை மட்டும் போதாது. எவ்வளவு என்ற எண்ணும் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

காட்பாடிக்குப் போன இரத்தம்

எதிர்ப்பொருளைக் கண்டறிவது எவ்வளவு பெரிய செய்தியை வெளிக்கொணரும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

1980களின் நடுவில் எய்ட்ஸ் நோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிக்கொண்டிருந்தது. அது நம் நாட்டுக்கு வராது என்று இங்கே பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்குமாறு தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் கூறினார். நிர்மலா தம் பட்ட ஆய்வுக்காக, பாலியல் தொழிலில் தள்ளப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இரத்தம் சேகரித்தார். கையுறை இல்லை. தனிச் சேமிப்பு வசதி இல்லை. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்திருந்தார். தங்கள் இரத்தம் எதற்காகச் சோதிக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதை இன்று நியாயப்படுத்த முடியாது. சோதனைக்கு உட்படுபவரின் ஒப்புதல் கட்டாயம் என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் கூறுகிறது.

இச்சோதனைக்கான வசதி அன்று சென்னையில் அவர்களுக்குக் கிட்டவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலா சீரக் குழாய்களை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் பயணமானார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையிலிருந்த வைரஸ் ஆய்வுத் துறையினர் உதவினர். காலையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் நின்றுபோயிற்று. தேநீர் அருந்தப் போனார்கள். திரும்பி வந்து தட்டைத் திறந்தபோது ஆறு குழிகளில் மஞ்சள் நிறம் தோன்றியிருந்தது.

ஆறு குழிகள். இந்தியாவில் அந்த வைரஸ் வந்துவிட்டது என்பதை முதன்முதலாகக் காட்டியவை அவைதாம். மீண்டும் இரத்தம் எடுத்து, வேறு முறையில் சோதிக்க அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். மே மாதத்தில் செய்தி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் இரத்த வங்கிகளில் கட்டாயச் சோதனை வந்ததற்கும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் எழுந்ததற்கும் இதுவே தொடக்கம்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது?

வேலூரில் செய்த சோதனைக்கு எலைசா என்று பெயர். 1971இல் சுவீடன் நாட்டின் எங்வால், பெர்ல்மன் ஆகிய இருவரும், அதே காலத்தில் நெதர்லாந்தில் வேறு இருவரும் தனித்தனியே இதனை வகுத்தனர்.

பிளாஸ்டிக் குழியின் அடியில் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். இது தூண்டிலில் கோத்த இரை. அதன்மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றுகிறோம். அதில் உரிய எதிர்ப்பொருள் இருந்தால் இரையைக் கவ்விக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிக் கொட்டிவிடலாம். கவ்வியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு ஒரு வால் கட்ட வேண்டும். மனித எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய இன்னோர் எதிர்ப்பொருளை எடுத்து, அதன் முதுகில் ஒரு நொதியை ஏற்றி உள்ளே விடுகிறோம். பெரும்பாலும் இந்நொதி குதிரை முள்ளங்கி என்னும் ஐரோப்பியக் கிழங்கிலிருந்து எடுத்த பெராக்சிடேஸ். (பெயரில்தான் முள்ளங்கி, நம் சாம்பார் முள்ளங்கி வேறு.) மீண்டும் கழுவுகிறோம். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடையும், டிஎம்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறமற்ற ஒரு கரிமப்பொருளையும் ஊற்றுகிறோம். நொதி இருக்கும் குழியில் டிஎம்பி ஆக்சிஜனேற்றம் அடைந்து நீல நிறமாகும். அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும். நொதி இல்லாத குழியில் நிறம் மாறாது.

இதில் நொதியின் பங்கு என்ன? ஒரு நொதி மூலக்கூறு ஒரு தடவை வேலை செய்து ஓய்ந்துவிடுவதில்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மூலக்கூறுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு எதிர்ப்பொருளின் முணுமுணுப்பை ஒலிபெருக்கி வைத்துக் கேட்பது போன்றது இது.

நிறத்திலிருந்து மின்னோட்டத்துக்கு

நிறத்தை அளக்க ஒளியைப் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்பது, ஒளி கடந்து செல்லும் கரைசலின் ஆழத்தைப் பொறுத்தது. தேநீர்க் குவளையில் கருத்துத் தெரியும் டிக்காஷன் தரையில் சிந்திய படலத்தில் வெளுத்துத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இரத்தத்தின் அளவை ஒரு துளியாகச் சுருக்கினால் நிறமும் மங்கிவிடும். மேலும் இரத்தமே சிவப்பு. அது ஒளியைக் குழப்பும். சீரத்தைப் பிரிக்கச் சுழற்சிக் கருவி வேண்டும்.

இப்போது டிஎம்பி நிறம் மாறியதை வேறு கண்ணோடு பாருங்கள். ஆக்சிஜனேற்றம் என்றால் என்ன? எலெக்ட்ரான்களை இழப்பது. எலெக்ட்ரானை இழந்த டிஎம்பியின் அருகில் ஒரு மின்வாயை வைத்துத் தக்க மின்னழுத்தம் கொடுத்தால், அது இழந்த எலெக்ட்ரான்களை மின்வாயிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். அவ்வாறு எலெக்ட்ரான்கள் பாய்வதுதான் மின்னோட்டம். நொதி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மின்னோட்டம். நிறமானி செய்த வேலையை அம்மீட்டர் செய்துவிடுகிறது! மின்வாய்க்கு இரத்தத்தின் சிவப்பு ஒரு பொருட்டன்று. ஆழமும் வேண்டாம், பரப்பை ஒட்டி நடப்பதே அதற்குப் போதும்.

உயிர்ப்பொருளின் பற்றுந்திறனையும் மின்வாயின் அளக்குந்திறனையும் இணைக்கும் இத்தகைய அமைப்பை மின்வேதி உயிர் உணரி என்பர். இதன் மூதாதையைச் செய்தவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க். ஆக்சிஜனை அளக்கும் மின்வாய் ஒன்றை 1956இல் அறிவித்த அவர், 1962இல் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, அதன்மேல் குளூகோஸை ஆக்சிஜனேற்றும் நொதியைப் பூசிச் சர்க்கரையை அளக்கலாம் என்று காட்டினார். 1987இல் பேனா அளவில் வீட்டுக் கருவியாக அது கடைக்கு வந்தது. மின்வேதியியல் என்றதும் நாம் மறக்கலாகாத ஊர் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் உள்ளது.

வீட்டில் சர்க்கரை அளக்கும் பட்டை காலாவதியாகிப் பயன்படாமல் கிடந்தால் ஒன்றை எடுத்துக் கைக்கண்ணாடியால் பாருங்கள். (பயன்படுத்திய பட்டையைத் தொடாதீர்கள், அதில் பிறர் இரத்தம் இருக்கும்.) முனையிலிருந்து மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். அவை மின்வாய்களின் பாதைகள். துணியில் அச்சிடுவது போல, பிளாஸ்டிக் தாளில் கரி மையாலோ உலோக மையாலோ இவற்றை அச்சிடலாம். ஆய்வுக்கூடத்து உணரிகளில் பொதுவாக மூன்று மின்வாய்கள் இருக்கும்: வினை நிகழும் செயல் மின்வாய், மின்சுற்றை நிறைவு செய்யும் துணை மின்வாய், மின்னழுத்தத்தை ஒப்பிட்டுக்கொள்ள வெள்ளி – வெள்ளிக் குளோரைடால் ஆன ஒப்பீட்டு மின்வாய். எதிர்ப்பொருள் உணரியில் செயல் மின்வாயின்மேல் வைரஸின் புரதம் இரையாகப் பூசப்பட்டிருக்கும்.

எவ்வளவு சிறிய அளவைக் காணலாம் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நானோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு, மலிவான மின்னணுச் சுற்றுகளாலேயே அளக்கக்கூடியது. ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால், இது விநாடிக்கு ஏறத்தாழ 624 கோடி எலெக்ட்ரான்கள். ஒவ்வொரு டிஎம்பி மூலக்கூறுக்கும் இரண்டு எலெக்ட்ரான் என்றால் 312 கோடி மூலக்கூறுகள். ஒரு நொதி விநாடிக்கு ஆயிரம் மூலக்கூறுகளை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். எனில் மின்வாயின்மேல் இருக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் 31 இலட்சம் மட்டுமே. இவற்றின் நிறை, ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு! நடைமுறையில் எல்லா மூலக்கூறுகளும் மின்வாயை அடையா. ஆகவே கணக்கு இவ்வளவு அழகாக அமைவதில்லை. ஆனாலும் இம்முறையின் கூர்மை எத்தகையது என்பது விளங்கும்.

வழிமறித்து நிற்பவர்கள்

நொதியும் வேண்டாம், வாலும் வேண்டாம் என்று இன்னொரு முறை உண்டு. எனக்கு இதுவே அதிக அழகுடையதாகத் தோன்றுகிறது.

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டை எண்ணிப் பாருங்கள். கூட்டம் தடையின்றி இறங்கிக்கொண்டிருக்கிறது. படிகளில் ஆங்காங்கே சிலர் மூட்டைகளோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? இறங்குவோர் வேகம் குறையும். நிற்பவர்களை நாம் எண்ண வேண்டியதில்லை; ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கீழே வந்தனர் என்பதை எண்ணினாலே மேலே எவ்வளவு நெரிசல் என்று சொல்லிவிடலாம்.

இரும்பு அயனியைக் கொண்ட ஃபெரிசயனைடு, ஃபெரோசயனைடு ஆகிய உப்புகளை மின்வாயின்மேலுள்ள கரைசலில் கலக்கிறார்கள். இவை மின்வாயிடம் எலெக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதுமாக இருக்கும். இவைதாம் பயணிகள். எதிர்ப்பொருள்கள் வந்து இரையைக் கவ்வியவுடன், அப்பருத்த புரத மூலக்கூறுகள் மின்வாயை மூடி வழிமறிக்கும். மின்தடை உயரும். மாறுமின்னோட்டத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி அத்தடையை அளந்தால் எதிர்ப்பொருளின் அளவு கிடைக்கும்.

பால்பவுடரும் பொய்ச் சாட்சியும்

இவ்வளவு எளிதாயின், சர்க்கரைப் பட்டை வந்து நாற்பது ஆண்டு ஆகப்போகும் நிலையிலும் எதிர்ப்பொருள் பட்டை ஏன் தெருமுனை மருந்துக்கடைக்கு வரவில்லை?

முதற் காரணம், அளவு. ஒரு லிட்டர் இரத்தத்தில் குளூகோஸ் ஏறத்தாழ ஐந்து மில்லிமோல் இருக்கும். எதிர்ப்பொருள் சோதனையில் ஒரு நானோமோலைக் கூடத் தேட வேண்டியிருக்கும். ஐம்பது இலட்சம் மடங்கு குறைவு! மேலும் குளூகோஸ் பட்டையைக் கழுவ வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் சோதனையிலோ ஒட்டாதவற்றை நீக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது காரணம், இரத்தத்தில் நீந்தும் மற்றப் புரதங்கள். ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே லிட்டருக்கு 40 கிராம் அளவில் இருக்கிறது. வெறும் மின்வாயைக் கண்டால் அதில் அது ஒட்டிக்கொள்ளும். படிக்கட்டில் நிற்பவன் மூட்டைக்காரனா வேடிக்கை பார்ப்பவனா என்று மின்னோட்டத்துக்குத் தெரியாது. நோயே இல்லாதவருக்கு நோய் என்று காட்டிவிடும். இதைத் தடுக்க, இரை பூசாத காலி இடங்களை முன்கூட்டியே வேறு புரதத்தால் நிரப்பிவிடுகிறார்கள். எந்தப் புரதம் தெரியுமா? மாட்டின் ஆல்புமின், அல்லது பாலிலுள்ள கேசின். சில சோதனைகளில் ஆடை நீக்கிய பால்பவுடரையே கரைத்து ஊற்றுவார்கள்!

பொய்ச் சாட்சி எவ்வளவு தீங்கு செய்யும் என்று பாருங்கள். ஓர் ஊரில் 1000 பேர். அவர்களில் உண்மையில் 10 பேருக்கே தொற்று. சோதனை நூற்றுக்கு 98 தடவை சரியாகச் சொல்வதாகக் கொள்வோம். நல்ல சோதனை போலத்தான் தெரிகிறது. ஆனால் தொற்றில்லாத 990 பேரில் இரண்டு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 பேர், தவறாகப் பிடிபடுவர். உண்மையானவர் 10, பொய்யாகச் சிக்கியவர் 20. "உண்டு" என்று காட்டப்பட்ட மூவரில் இருவர் நலமானவர்கள்! 1986இல் ஆறு மஞ்சள் குழிகளோடு நில்லாமல், வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு சோதனையாலும் உறுதி செய்த காரணம் இதுவே. அக்காலத்தில் அந்நோயின் பெயரைச் சொன்னாலே ஒருவரை ஊர் ஒதுக்கிவிடும். தவறுக்கு இடம் வைக்க முடியுமா?

நம் காலத்திலும் இப்படி ஒரு சோதனை வந்தது. கொரோனாத் தொற்று பரவிய 2020 ஏப்ரலில், சீனாவிலிருந்து வாங்கிய விரைவு எதிர்ப்பொருள் பட்டைகள் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. இவை மின்வேதி உணரிகள் அல்ல. கோடு தோன்றுவதைக் கண்ணால் பார்க்கும் வகை. முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று முதலில் ராஜஸ்தான் அரசு முறையிட்டது. ஏப்ரல் 27ஆம் நாள் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு வந்த 24,000 பட்டைகளும் திருப்பி அனுப்பப்பட்டன. விரைவு நல்லதுதான், ஆனால் விரைவாகத் தவறு சொல்லும் கருவியைவிட ரயிலில் காட்பாடிக்குப் போவது மேல்.

பெங்களூரில் பிறந்த பட்டை

அடுத்த ஆண்டே வேறொரு வகைப் பட்டை நம் நாட்டில் உருவானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் நவகாந்த பட் முதலியோர் தொடங்கிய பாத்ஷோத் என்னும் சிறு நிறுவனம், கொரோனாவுக்கு எதிரான ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் மின்வேதி முறையில் அளக்கும் கருவியை 2021 ஜூலையில் அறிவித்தது. ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமமும் பெற்றது. வைரஸின் கூர்முனைப் புரதம் பட்டையில் இரையாக நிற்கிறது. அதில் பற்றும் எதிர்ப்பொருள்களின் ஆக்சிஜனேற்ற, ஒடுக்கச் செயல் மின்னோட்டமாக அளக்கப்படுகிறது. விரல் நுனி இரத்தமே போதும். ஐந்து நிமிடத்தில் முடிவு. நானோமோலார் அளவுவரை காணும். இந்நிறுவனம் முன்பே சர்க்கரை நோயாளிகளுக்கான பல சோதனைகளைச் செய்ய உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை வைத்திருந்தது. அதே கருவியில் வேறு பட்டையைச் செருகினால் வேறு நோய். மின்வேதி முறையின் பெரிய வசதி இதுதான்: கருவி ஒன்றே, இரை மட்டும் மாறும்.

எண்ணைச் சொல்லும் கருவியால் பயன் என்ன என்பதற்கு அதே மாதத்துச் செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாடு முழுவதும் இரத்தம் எடுத்து நடத்திய கணக்கெடுப்பில் 66 விழுக்காட்டினரிடம் கொரோனா எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் விருதுநகரில் 84 விழுக்காடு. ஈரோட்டிலோ 37 மட்டுமே. ஒரே மாநிலத்தில் இவ்வளவு வேறுபாடு! எந்த மாவட்டத்துக்குத் தடுப்பூசியை முதலில் விரைந்து அனுப்ப வேண்டும் என்பதை இத்தகைய எண்களே காட்டும். இக்கணக்கெடுப்புக்கு ஆயிரக்கணக்கான குழாய்களைச் சேகரித்து, குளிரில் காத்து, சோதனைச்சாலைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பட்டை நம்பகமாக அமைந்துவிட்டால் கிராமச் செவிலியர் வீட்டு வாசலிலேயே எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

வெயிலும் ஒன்றுவிட்ட உறவும்

அமைந்துவிட்டால் என்று சொன்னேன். இரண்டு தடைகள் இன்னும் உண்டு.

ஒன்று வெயில். சித்திரை, வைகாசியில் ஊரப்பாக்கத்து மருந்துக்கடையில் பிற்பகல் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பட்டையில் பூசிய வைரஸ் புரதம் வெப்பத்தில் உருக்குலைந்தால் எதிர்ப்பொருளின் நுனி அதனை அடையாளம் காணாது. முட்டை வெந்தபின் மீண்டும் பச்சை முட்டையாகாதது போல. சர்க்கரைப் பட்டைக்கு வாய்த்த நற்பேறு, அதில் பயன்பட்ட குளூகோஸ் நொதி இயல்பிலேயே உறுதி வாய்ந்தது. எல்லாப் புரதமும் அப்படியல்ல. டிரிஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து உலர்த்தினால் பல புரதங்கள் குலையாமல் நிற்கின்றன என்று கண்டு, அதனைப் பயன்படுத்துகிறார்கள்.

மற்றொன்று, மின்சாரத்தால் மட்டும் தீராத சிக்கல். டெங்கு வைரஸும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும், சிக்கா வைரஸும் ஒரே குடும்பம். ஒன்றுவிட்ட சகோதரர்களைப் போல முகச்சாயல் உண்டு. ஒன்றுக்காக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றின் புரதத்தையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். டெங்குவே வராத ஒருவர், மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால்கூட டெங்குச் சோதனையில் ஐஜிஜி தோன்றக்கூடும். மின்வாய் பொய் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் உண்மையாகவே பற்றியிருக்கிறது. தவறு இரையில் உள்ளது. ஆகவே, வைரஸின் முழுப் புரதத்தையும் பூசாமல், உறவினரிடம் இல்லாத தனித்தன்மை வாய்ந்த சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பூசிப் பார்க்கிறார்கள். ஒரே பட்டையில் நான்கைந்து மின்வாய்களை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வைரஸின் துண்டை வைத்து, எதில் மின்னோட்டம் மிகுதி என்று ஒப்பிடும் முயற்சியும் நடக்கிறது.